இந்த ஆன்ட்டியைப் பாருங்க

கண்ணு,

போன வாரம் நீ போனில் சொன்ன சேதிக்கு நான் இன்னும் பதில் சொல்லவில்லை. கோயமுத்தூரில் நீ சொந்தமாக ஆரம்பிக்கும் கோல்ஃப் பயிற்சி மைதானத்துக்குத் திறப்பு விழா. ரிப்பன் வெட்டுவது யாரோ பெரிய மனிதராம், ஆனால் முதல் பந்தை நான்தான் அடிக்க வேண்டுமாம். "எனக்கு மொதமொதல்ல மட்டை புடிக்கச் சொல்லிக் குடுத்தது நீதான்னு ஊரே பாக்கோணும்மா" என்றாய். எந்தத் தாய்க்கும் இதைக் கேட்டால் நெஞ்சு குளிர்ந்துபோகும். எனக்குக் குளிரவில்லை. "அடுப்புல பால் வெச்சிருக்கேன் சாமி, அப்பறம் பேசறேன்" என்று வைத்துவிட்டேன். அடுப்பில் பாலும் இல்லை, ஒன்றும் இல்லை. வருவேனா மாட்டேனா என்ற பதிலைத்தான் இப்போது எழுத உட்கார்ந்திருக்கிறேன்.

இதைப் பத்திரிகைக்கு அனுப்பாமல், தனியாக எழுதி உனக்கு மட்டும் அனுப்பியிருக்கலாம். உன் அப்பாவும் அதைத்தான் சொன்னார். "பெத்த புள்ளைய ஊருக்கு முன்னால நிறுத்தி வெச்சுக் கேப்பியா புள்ள?" என்றார். "மொதல்ல நிறுத்துனது யாருங்க?" என்று கேட்டேன். அவர் துண்டை உதறிப் போட்டுக்கொண்டு தோட்டத்துப் பக்கம் போய்விட்டார். நீ என்னைப் பற்றிச் சொன்னதை ஊர் பேர் தெரியாதவர்களெல்லாம் கேட்டார்கள். நான் உனக்குச் சொல்வதையும் அவர்கள் கேட்கட்டும். உன் பெயரை இதில் எங்கும் எழுதமாட்டேன். நீயும் என் பெயரைச் சொல்லவில்லை அல்லவா, அந்த மட்டுக்கும் சரிக்குச் சரி.

படிக்கிறவர்களுக்காகக் கொஞ்சம் பின்னாலிருந்து சொல்கிறேன், நீ பொறுத்துக்கொள். நான் மீனாட்சிபுரத்துக்காரி. பாலக்காட்டுக்குக் கிழக்கே, நெல்லும் தென்னையும் கறவை மாடுமாக இருக்கிற ஊர். தரை அங்கே தாம்பாளம் மாதிரி இருக்கும். கல்யாணமாகி மூணாறுக்கு மேலே தேயிலை எஸ்டேட்டுக்குப் போனேன். உன் அப்பா அங்கே உதவி மேனேஜர். நடந்தால் ஏற்றம், திரும்பினால் இறக்கம், காலில் அட்டை, ஜன்னலில் மஞ்சு மூட்டம். வேலைக்காரர்கள் என்னைத் 'தொரைசாணி அம்மா' என்று கூப்பிடும்போது பின்னால் யாரோ நிற்கிறார்கள் என்று திரும்பிப் பார்ப்பேன். பேச ஆள் இல்லாமல் பைத்தியம் பிடிக்காத குறை. அப்போதுதான் கிளப்பில் புதன்கிழமை பெண்கள் கோல்ஃப் ஆடுவார்கள் என்று தெரிந்து, சேலையைத் தூக்கிச் செருகிக்கொண்டு, கேன்வாஸ் ஷூவோடு போய் நின்றேன். முதல் நாள் பந்தை விட்டுவிட்டு மண்ணை வெட்டினேன். இருந்தாலும் அன்று ராத்திரி மலைக்கு வந்தபின் முதன்முறையாக நன்றாகத் தூங்கினேன்.

அந்த மைதானத்தை நீ அறிவாய், மற்றவர்களுக்குத் தெரியாது. மலைச்சரிவை வெட்டிப் புல் வைத்தது. ஆடப்போகும் திசையைப் பார்த்து நின்றால் வலது கைப்பக்கம் மேடு, இடது கைப்பக்கம் பள்ளம், அதற்கும் கீழே ஓடை. பந்தைக் கொண்டுபோய் விட வேண்டிய குழிகளில் பாதிக்கு வழி அப்படித்தான். பந்து வலப்பக்கம் வளைந்து போனால் மேடு அதைத் தடுத்து, மெதுவாக உருட்டி, நடுவில் கொண்டுவந்து விடும். அங்கே ஆடுகிறவர்களுக்கெல்லாம் அது பழக்கம். "மேடு பாத்துக்கும்" என்று சொல்லிக்கொண்டே அடிப்போம். சில மாதங்களில் ஆனை வந்து புல்லை மிதித்துவிட்டுப் போகும், அதற்கும் அப்படித்தான் பழகிக்கொண்டோம். என் பந்து எப்போதும் நடுவிலேயே கிடந்ததால், நான் நேராக அடிக்கிறேன் என்று நம்பினேன். கோப்பைகூட வாங்கினேன். ஹாலில் இருந்த அந்தக் கோப்பையில் நீ சின்ன வயதில் கலர் பென்சில் போட்டு வைத்திருந்தாய்.

நம் வீட்டில் ஒரு வழக்கம் உண்டு கண்ணு. எதுவானாலும் முகத்துக்கு நேரே. என் பிறந்த வீட்டு வழக்கம் அது. குழம்பில் உப்பு கூடினால் அங்கே யாரும் பூசி மெழுகமாட்டார்கள், தட்டைத் தள்ளிவைத்துவிட்டு "ஏனுங் அத்தெ, கடலையே கரைச்சு ஊத்திப்போட்டீங்களா?" என்றுதான் கேட்பார்கள். உன்னையும் அப்படித்தான் வளர்த்தேன். பள்ளிக்கூட விடுமுறையில் கிளப்பில் பையன்களுக்குப் போட்டி வைத்தபோது நீ தோற்றுவிட்டு வந்து, "நல்லாத்தானம்மா ஆடுனேன்?" என்று கேட்டாய். சுற்றி நின்ற அம்மாக்கள் எல்லாம் சிரித்துக்கொண்டே "சூப்பரா ஆடுனே" என்றார்கள். நான் மட்டும் "கேவலமா ஆடுனே சாமி. தோத்துப் போயிருவோம்னு பயந்துட்டே ஆடுனே" என்றேன். நீ அழுதாய். அழுதுவிட்டு மறுநாள் விடிந்ததும் மட்டையைத் தூக்கிக்கொண்டு போனாய். வளர்ந்தபிறகு ஒருமுறை நீயே என்னிடம் சொன்னாய், அன்னைக்கு நீ மட்டுந்தாம்மா நெசத்தச் சொன்னே என்று. அதை நான் எத்தனை பேரிடம் சொல்லிப் பெருமைப்பட்டிருப்பேன் தெரியுமா?

இன்ஜினியரிங்கைப் பாதியில் விட்டுவிட்டு கோல்ஃப் சொல்லிக்கொடுக்கப் போகிறேன் என்று நீ வந்து நின்றபோதும் இந்த வாய்தான் உனக்காகப் பேசியது. உன் பெரியப்பா, "தோட்டம் தொரவு அத்தனையும் கெடக்குது, உன்ற பையன் பந்தடிச்சாச் சோறு திங்கப் போறான்?" என்று பந்தியில் வைத்துக் கேட்டார். உன் அப்பா தலையைக் குனிந்துகொண்டார். நான் இலையை மூடிவிட்டு எழுந்து நின்று, "என்ற பையன் எதைச் செஞ்சாலும் நெசமாச் செய்வான். பொய் புரட்டு அவன்கிட்ட இல்லீங்க" என்றேன். சொந்தக்காரர்கள் முன்னால், கல்யாண வீட்டில், அத்தனை சத்தமாக. இப்போது அந்த வார்த்தையை நினைத்தால் எனக்கே கூசுகிறது.

விஷயத்துக்கு வருகிறேன். போன மார்கழியில் நீ மலைக்கு வந்தாய். அப்பா ஓய்வு பெறப்போகிறார், பங்களாவைக் காலி செய்யப் போகிறோம், அந்த மைதானத்தில் நாம் சேர்ந்து நடப்பது அதுவே கடைசி. நீ வாங்கி வந்த ஊதா ஸ்வெட்டரை அன்று போட்டுக்கொண்டேன். இரண்டாவது குழிக்கிட்டே நீ போனை எடுத்து, "வீடியோ எடுக்கட்டுமாம்மா? ஞாபகத்துக்கு வெச்சுக்கறேன்" என்றாய். எனக்குச் சிரிப்பு வந்தது, வெட்கமும் வந்தது. முடியை ஒதுக்கிவிட்டுக்கொண்டேன். "பின்னால இருந்து ஒருக்கா, பக்கத்துல இருந்து ஒருக்கா" என்று மண்டிபோட்டு எடுத்தாய். தாயை இவ்வளவு ஆசையாகப் படம் பிடிக்கிற பிள்ளை யாருக்குக் கிடைப்பான் என்று நினைத்துக்கொண்டேன். மடச்சி!

அன்றே உன்னிடம் கேட்டேன். நினைவிருக்கிறதா என்று கேட்கமாட்டேன், உனக்கு நினைவிருக்கும். "மாசியில எங்க கிளப்புப் பொம்பளைகளை எல்லாம் கோயமுத்தூர்ப் பக்கம் ஆடக் கூப்பிட்டிருக்காங்க. அங்க மேடும் இல்லை, பள்ளமும் இல்லை, வெறும் தரை. என்ற வீச்சுல எதாச்சும் கோளாறு இருந்தாச் சொல்லிப்போடு சாமி, இன்னும் நாள் இருக்குது, மாத்திக்கறேன்" என்றேன். நீ போனைப் பாக்கெட்டில் போட்டுக்கொண்டே, "நல்லாத்தான்மா இருக்கு. ஒண்ணையும் மாத்தாதே" என்றாய். தோளில் கை போட்டு அணைத்துக்கொண்டாய். என் கோளாறெல்லாம் அந்தப் போனில், உன் பாக்கெட்டுக்குள் இருக்கும்போதே சொன்னாய்.

நான் அதை நம்பிப் போனேன். போகிற வழியெல்லாம் வேனில் பீற்றிக்கொண்டு வேறு போனேன். "என்ற பையன் கோச்சு. ஒண்ணையும் மாத்த வேண்டாம்னு சொல்லிப்போட்டான்" என்று. அங்கே முதல் பந்தை அடித்தேன். நேராகக் கிளம்பியது, பிறகு வலப்பக்கம் ஒடித்துக்கொண்டு போய் வேலிக்கு அந்தப் பக்கம் விழுந்தது. அடுத்ததும் அங்கேயே. வலப்பக்கம் போகிறதே என்று இடப்பக்கம் திரும்பி நின்று அடித்தேன், இன்னும் மோசமாக வளைந்தது. தாங்கிப்பிடித்து நடுவில் கொண்டுவந்து விட அங்கே மேடு இல்லை. சோடி சேர்ந்து ஆடும் ஆட்டம் அது, ஒரே பந்தை இருவரும் மாற்றி மாற்றி அடிக்க வேண்டும். நான் வேலியோரம் தள்ளிய பந்தை எல்லாம் என் சோடி லிஸி முள்ளுக்குள் தேடி எடுத்து அடித்தாள். லிஸி எங்கள் எஸ்டேட் டாக்டரின் மனைவி, சங்கனாச்சேரிக்காரி, ஒரு வார்த்தை கோபித்துக்கொள்ளவில்லை. தோற்றோம் என்று சொன்னால் அது மரியாதையான வார்த்தை. அப்போதும் நான் உன்னைக் குறை சொல்லவில்லை கண்ணு. காற்று என்றேன். கடன் வாங்கிய மட்டை என்றேன். வயசாகிவிட்டது என்றேன்.

திரும்பி வரும்போது மறையூர் தாண்டியதும் எல்லோரும் களைத்துப்போய் ஆளுக்கொரு போனைப் பார்த்துக்கொண்டு வந்தார்கள். பந்து வளைவதை எப்படிச் சரிசெய்வது என்று எனக்காகத்தான் லிஸி தேடியிருக்கிறாள், பாவம். திடீரென்று, "அய்யோ, இது சேச்சியல்லே?" என்றாள். உடனே போனைக் கவிழ்த்தாள். அதற்குள் பின் சீட்டுக்காரர்கள் எட்டிப் பார்த்துவிட்டார்கள். நான் கையை நீட்டி வாங்கினேன். என் ஊதா ஸ்வெட்டர். என் தலைத்துண்டு. முகத்தின்மேல் மட்டும் ஒரு மஞ்சள் சிரிப்பு உருண்டையை ஒட்டியிருந்தாய். குரல் உன் குரல்.

நீ சொன்னதை அப்படியே எழுதுகிறேன், எனக்கு மனப்பாடம் ஆகிவிட்டது. "ஃப்ரெண்ட்ஸ், உங்க பந்து வலது பக்கம் வளைஞ்சு போகுதா? இந்த ஆன்ட்டியைப் பாருங்க. எங்கயோ மலையில ஆடிப் பழகினவங்க. மட்டையப் பிடிச்சிருக்கிற லட்சணத்தைப் பாருங்க. தோள் முன்னால பாயுது பாருங்க. இது கோல்ஃப் இல்லீங்க, துணி துவைக்கிறாங்க. மேடு தள்ளி விட்டுடறதால, நேரா அடிக்கிறோம்னு இந்த ஆன்ட்டி சாகற வரைக்கும் நெனச்சுட்டு இருப்பாங்க." பின்னால் ஒரு கூட்டம் சிரிக்கிற சத்தம் சேர்த்திருந்தாய். வேனில் யாரும் சிரிக்கவில்லை. லிஸி என் கையைப் பிடித்துக்கொண்டாள். வீடு வந்து சேரும்வரை நான் ஜன்னல் பக்கமே பார்த்துக்கொண்டு வந்தேன்.

ஆன்ட்டி! பத்து மாதம் சுமந்தவள் உனக்கு ஆன்ட்டியா? கேலி செய்தாய் என்பதல்ல கண்ணு என் வெசனம். கேலி நம் வீட்டில் பஞ்சமா என்ன? அன்றைக்கு அந்தப் புல்லில் நின்றுகொண்டு, "அம்மா, நீ துணி தொவைக்கிறே" என்று என் மூஞ்சிக்கு நேரே சொல்லியிருந்தால் நானும் உன்னோடு சேர்ந்து சிரித்திருப்பேன், இரண்டு ஏச்சும் ஏசியிருப்பேன், மறுநாள் சொல்லிக்கொடு என்று வந்து நின்றிருப்பேன். ஊரில் உள்ளவனுக்கெல்லாம் உண்மை. கேட்டு நின்ற எனக்கு மட்டும் பொய். மேடு என்னை ஏமாற்றுகிறது என்றாயே, அந்த மேட்டிடம் நான் ஒன்றும் கேட்கவில்லை. உன்னிடம்தான் கேட்டேன். கழுத்தை அறுப்பது என்று சும்மா பேச்சுக்குச் சொல்லுவோம், அது எப்படி இருக்கும் என்று மறையூர் ரோட்டில் எனக்குத் தெரிந்தது.

நீ என்ன சொல்வாய் என்றும் யோசித்துப் பார்த்தேன். அம்மா கோபக்காரி, சொன்னால் மனசு வருத்தப்படும், போகிற வயசில் எதற்கு என்று விட்டேன் என்பாய். கோபக்காரிதான், இல்லை என்று யார் சொன்னது? கல்யாணமான புதிதில் முழங்கை மடங்குகிறது என்று உன் அப்பா சொன்னதற்கு, அவருக்குக் காப்பித் தம்ளரைக் கையில் கொடுக்காமல் மேஜையில் நங்கென்று வைத்தவள் நான். ஆனாலும் அடுத்த புதன்கிழமை முழங்கையை நீட்டித்தானே அடித்தேன்? கோபப்படுகிறவர்களுக்கு உண்மையைத் தாங்கத் தெரியாது என்று யார் உனக்குச் சொன்னது? உன்னிடம் படிக்க வருகிறவர்களில் பாதிப்பேர் கோபக்காரர்களாகத்தான் இருப்பார்கள். அவர்களிடம் தைரியமாகச் சொல்கிறாய். என்னிடம் சொல்லாததற்குப் பெயர் பாசம் என்றால், அந்தப் பாசம் எனக்கு வேண்டாம்.

இப்போது இங்கே மீனாட்சிபுரத்துக்கு வந்துவிட்டோம். அறுவடை முடிந்த வயல் காய்ந்து கிடக்கிறது. வந்த சில நாளிலேயே மட்டையை எடுத்துக்கொண்டு வயலில் இறங்கினேன். யாருடைய பாடத்தை வைத்துப் பழகினேன் என்கிறாய்? உன்னுடையதுதான். வேறு யாரைத் தெரியும் எனக்கு? என்னைத் துணி துவைப்பவளாக்கிய அதே வீடியோவை வரப்பில் சாய்த்து வைத்துக்கொண்டு, சிரிப்புச் சத்தம் வரும் இடத்தை மட்டும் தள்ளிவிட்டு, மறுபடி மறுபடி பார்த்தேன். இடது கையைக் கொஞ்சம் வலப்பக்கம் திருப்பிப் பிடிக்கச் சொன்னாய், மேலிருந்து பார்த்தால் விரல் முட்டிகள் தெரியும்படி. பிடித்தேன். வலது தோள் முந்திக்கொண்டு பாயாமல், மட்டை உடம்புக்கு உட்பக்கமிருந்து வர வேண்டும் என்றாய். அதற்குப் பந்துக்கு அப்பால் ஒரு பொருளை வைத்து, அதில் இடிக்காமல் அடித்துப் பழகு என்றாய். தவிட்டு மூட்டையை வைத்தேன். முதலில் அடித்த அடியெல்லாம் மூட்டையில்தான் விழுந்தது. "ஏம்புள்ள, மாடு மெரளுது! அக்கட்டால போய் அடி" என்று உன் அப்பா கொட்டகையிலிருந்து கத்தினார். பால் சொசைட்டிக்குப் போகிறவர்கள் சைக்கிளை நிறுத்திப் பார்த்தார்கள். தவிடு சிதறி மேலெல்லாம் அப்பிக்கொண்டது. நான் விடவில்லை.

ஒரு நாள் காலை பந்து நேராகப் போனது. மேடு இல்லை, உருட்டிவிட ஒன்றும் இல்லை, வெட்டவெளியில் வெறும் தரைமேல் நேராகப் போய் விழுந்தது. எனக்குப் புல்லரித்துவிட்டது. எவ்வளவு தெளிவாகச் சொல்லிக்கொடுத்திருக்கிறாய்! நீ நல்ல வாத்தியார், அதில் சந்தேகமே இல்லை. உடனே உன்னைக் கூப்பிடத்தான் போனை எடுத்தேன். எடுத்த கை அப்படியே நின்றுவிட்டது. வரப்பில் உட்கார்ந்து அழுதேன். சந்தோஷமா ஆத்திரமா என்று எனக்கே பிரித்துப் பார்க்கத் தெரியவில்லை.

அதன் பிறகு எனக்கு இன்னொரு சீக்கு பிடித்துக்கொண்டது. நீ சொன்ன நல்ல வார்த்தைகளை எல்லாம் ஒவ்வொன்றாக எடுத்துப் புரட்டிப் பார்க்கிறேன். போன தீபாவளிக்கு என் முறுக்கு நன்றாக இருந்தது என்றாயே, அது? அப்பாவின் நெஞ்சு வலிக்கு எடுத்த ஸ்கேனைப் பார்த்துவிட்டு டாக்டர் பயமில்லை என்றார் என்றாயே, அது? உனக்கும் உன் பெண்டாட்டிக்கும் சண்டை சச்சரவு ஒன்றுமில்லை என்று சிரித்துக்கொண்டே சொல்வாயே, அது? எதை எடுத்து நம்புவது? ஒரு பொய்யைச் சொன்னதோடு முடிந்துபோயிற்று என்று நினைக்காதே சாமி. அது உள்ளே வந்து, இருக்கிற உண்மையை எல்லாம் சந்தேகப்பட வைக்கிறது. நாளை உனக்கும் குழந்தை பிறக்கும். அது ஒரு கோணல் வீட்டை வரைந்து கொண்டுவந்து காட்டும். அழகாக இருக்கிறது என்று சொல்லு, வேண்டாம் என்று சொல்லவில்லை. ஆனால் கதவு எங்கே என்றும் கேள்.

திறப்பு விழாவுக்கு என் பதில் இதுதான். இப்போதைக்கு வருவதாக இல்லை. உன் விழாவில் நான் நிற்கிற இடத்தைச் சுற்றி எத்தனை போன் இருக்கும் என்று நினைத்தால் எனக்குப் பந்து தெரியாது, போன்கள்தான் தெரியும். வீடியோவை எடுத்துவிடு என்றும் நான் கேட்கப்போவதில்லை. அது பாடம், யாருக்காவது உதவட்டும், எனக்கே உதவியதே. ஆனால் எனக்கு இப்போது ஒரு சங்கடம் வந்திருக்கிறது. நாலைந்து நாளாகப் பந்து இடப்பக்கம் வளைந்து போகிறது. நேராக வந்துகொண்டிருந்தது, இப்போது கிணற்றுப் பக்கம் போய்ப் போய் விழுகிறது. கைப்பிடி அளவுக்கு மீறித் திரும்பிவிட்டதா, மணிக்கட்டு முந்துகிறதா, ஒன்றும் விளங்கவில்லை. உன் மற்ற வீடியோக்களை எல்லாம் பார்த்துவிட்டேன், அதற்குப் பதில் இல்லை. வேறு யாரிடமும் கேட்க எனக்கு மனசும் இல்லை. நீ பொள்ளாச்சி வழியாக பஸ் ஏறினால் மத்தியானச் சாப்பாட்டுக்கு இங்கே வந்துவிடலாம். போனை உன் அப்பாவிடம் கொடுத்துவிட்டு வயலுக்கு வா. நான் அடிக்கிறேன், நீ எதிரே நின்று பார். எது தப்பு என்று என் முகத்தைப் பார்த்துச் சொல்லு. எனக்குக் கோபம் வரும். வந்தால் வரட்டும், நீ சொல்லி முடி.